சத்தியம் செய்ய வைக்கும் விண்மீன்

அரபு அகராதிகளில் 'முஹ்லிஃப்' என்றொரு சொல் உண்டு. 'ஹலஃப' என்றால் சத்தியம் செய்தான் என்று பொருள். அதனின்று பிறந்த முஹ்லிஃப், சத்தியம் செய்ய வைப்பது எனப் பொருள்படும். ஐயத்துக்கு இடமான பொருள்களை அரபிகள் இப்பெயரால் குறித்தனர். ஒரு குதிரையின் நிறம் இன்னதெனத் துணிய முடியாதபோது, ஒருவன் ஒரு நிறத்தைச் சொல்லி ஆணையிடுவான். மற்றவன் வேறொன்றைச் சொல்லி ஆணையிடுவான். வானத்திலும் முஹ்லிஃப் உண்டு. ஸுஹைல் என்னும் பேரொளி விண்மீனின் வரவை எதிர்நோக்கிப் பாலைவெளியில் நிற்போர், அதற்கு முன்னே தோன்றும் வேறொரு மீனைக் கண்டு, இறைவன்மீது ஆணையாக இதுவே ஸுஹைல் என்று சொல்லிவிடுவர். பிறகு மெய்யான ஸுஹைல் எழும். ஆணையிட்டவன் பொய்யனாவான். இவ்வாறு மக்களை மயக்கிய மீன்களுக்கு முஹ்லிஃப் என்றே பெயர் நின்றுவிட்டது. பிற்கால அட்டவணைகளில் இப்பெயர் தென்வானத்துப் பாய்மர மண்டலத்தின் மிகவொளிர்ந்த மீன்மீது ஏறி நிலைத்தது. மேனாட்டார் காமா வெலோரம் என்று அழைப்பது அதனையே.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நம் அன்பர்கள், மாசி மாதத்தில் இஷாத் தொழுகை முடிந்து சிறிது நேரம் கழித்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறித் தெற்கே நோக்குவார்களாயின் இரண்டையும் ஒருங்கே காணலாம். தொழிற்பேட்டை விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் சிறு மீன்களையெல்லாம் விழுங்கிவிட்டன என்பது மெய்தான். ஆயினும் தெற்கே தனித்து வெள்ளொளி வீசும் ஸுஹைல், நம் தமிழ் முன்னோர் அகத்திய மீன் என்று போற்றியது, அவ்விளக்குகளுக்கு அஞ்சுவதில்லை. அதற்கு இடப்புறத்தில், சற்றே உயரத்தில், ஒளி குன்றிய மற்றொரு மீன் தெரியும். அதுவே முஹ்லிஃப்.

இந்த முஹ்லிஃபுக்கும் நம் தமிழகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1867-இல் பாரிஸ் நகரில் வொல்ஃப், ராயே என்னும் இருவர், மற்ற மீன்களைப்போல் இருள்வரிகளைக் காட்டாமல் அகன்ற ஒளிவரிகளைக் காட்டும் விந்தை மீன்கள் சிலவற்றைக் கண்டனர். 1871 டிசம்பரில் முழுச் சூரிய கிரகணத்தைக் காண நம் நாட்டுக்கு வந்திருந்த இத்தாலிய அறிஞர் ரெஸ்பிகி, சென்னையில் இருந்தபோது முஹ்லிஃபின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். அதே ஒளிவரிகள் அங்கும் இருந்தன. அந்நாளில் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் தலைவராக இருந்தவர் போக்சன். வெறுங்கண்ணுக்குப் புலப்படும் இவ்வகை மீன்களுள் மிகுந்த ஒளியுடையது இதுவே என்று இன்று அறிகிறோம்.

பிறகு ஏறத்தாழ நூறாண்டு கழிந்தது. 1967-இல் கொடைக்கானலிலிருந்து கணேஷ், வேணு பாப்பு ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, அந்த ஒற்றை ஒளிப்புள்ளிக்குள் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, ஒரு சுற்றுக்கு 78.5 நாள் ஆகிறது என்று காட்டியது. அவ்விரண்டுள் ஒன்று சூரியனைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு நிறையுள்ளது. தன் மேலுறையை இழந்து, உள்ளுடல் வெளியே தெரிய எரிவது. துணைமீனோ ஏறத்தாழ 28 மடங்கு நிறையுள்ளது. இரண்டிலிருந்தும் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்றுப்போல் வாயு புறப்பட்டு, நடுவே ஒன்றோடொன்று மோதுகிறது. அம்மோதலின் வெப்பத்தில் எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. ஆனால் எக்ஸ் கதிர் நம் காற்று மண்டலத்தைத் துளைத்துக் கீழே வருவதில்லை. அதனால் அதைக் காணக் கருவியை வான்வெளிக்கே அனுப்ப வேண்டும். ஆவடிக்கு வடக்கே சிறீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28-ஆம் நாள் அஸ்ட்ரோசாட் சென்றதும், 2024 ஜனவரி முதல் நாள் எக்ஸ்போசாட் சென்றதும் இதற்காகத்தான். இரண்டும் காலை வேளையில் புறப்பட்டவை. அத்தகைய வேளைகளில் வானம் தெளிந்திருந்தால் வடக்கே வெண்புகைக் கோடொன்று எழுவதை நம் புறநகர் மாடிகளிலிருந்தே பார்க்கலாம்.

இவ்வளவும் இங்கே ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

நம் மக்களிடையே சிறு நூல்களாகவும், துண்டுத் தாள்களாகவும், இப்போது கைப்பேசிச் செய்திகளாகவும் ஒரு கூற்று உலவி வருகிறது. திருமறையின் 86-ஆம் அத்தியாயமான 'அத்தாரிக்' கூறுவது பல்ஸார் எனப்படும் துடிமீனையே என்பது அக்கூற்று. தாரிக் என்றால் தட்டுபவன். துடிமீனின் ஓசை கதவைத் தட்டுவதுபோல் கேட்கிறது. ஆகவே விஞ்ஞானிகள் 1967-இல் கண்டதை மறை அன்றே சொல்லிவிட்டது என்று முடிக்கிறார்கள். பிள்ளைகள் இதைக் கல்லூரிக்கு எடுத்துச் செல்கிறார்கள். சில பயான்களிலும் இது கேட்கிறது. கேட்போர் உள்ளம் பூரிக்கிறது. இதை ஏற்கலாமா என்று நம்மிடம் கேட்டவர்கள் பலர். நமக்குச் சாதகமாக வரும் சான்றை, அது மெய்யான சான்றுதானா என்று ஆராயாமல் ஏற்பது ஒரு முஃமினுக்குத் தகுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'தரக்க' என்பதற்குத் தட்டுதல் என்ற பொருள் உண்டு. சுத்தியலுக்கு 'மித்ரகா' என்ற பெயர் அதனால் வந்தது. இரவில் வந்து சேரும் பயணி, அடைத்த கதவைத் தட்ட வேண்டியிருத்தலின் 'தாரிக்' எனப்பட்டான். பிறகு இரவில் வருவது எதுவாயினும் தாரிக் ஆயிற்று. பயணம் போனவர் முன்னறிவிப்பின்றி இரவில் வந்து வீட்டாரைத் திடுக்கிட வைக்கலாகாது என்று தடுக்கும் ஹதீஸிலும் இவ்வேர்ச்சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. அங்கே ஓசைபற்றிய பேச்சே இல்லை. இரவு வருகைதான் பொருள். பழைய தப்ஸீர் ஆசிரியர்களுள் சிலர் இம்மீனை ஸுரையா என்றனர். சிலர் ஸுஹல், அதாவது சனி என்றனர். வேறு சிலர் எல்லா மீன்களையும் பொதுவாகக் குறிக்கும் என்றனர். கருத்து வேறுபாட்டை மறைக்காமல் எழுதிவைத்த அவர்களுடைய நேர்மை நமக்கு வியப்பூட்டுகிறது. துண்டுத்தாள் எழுதியவருக்கோ ஐயமே இல்லை!

அடுத்து ஓசையைப் பார்ப்போம். வான்வெளியில் காற்று இல்லை; காற்றில்லாத இடத்தில் ஓசை செல்லாது. துடிமீனிலிருந்து வருவது ரேடியோ அலை. மிக விரைவாகத் தற்சுழலும் அம்மீன், கலங்கரை விளக்குப்போல் தன் கதிரை முறைவைத்து நம் பக்கம் வீசுகிறது. அக்கதிர் கருவியில் பட்டபோது எழுந்த மின்துடிப்பை ஒலிபெருக்கியில் செலுத்தினால் தட்டுவதுபோல் கேட்கும். ரிஷப மண்டலத்தில், நண்டு நெபுலாவின் நடுவிலிருக்கும் துடிமீன் விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை துடிக்கிறது. அதனை ஒலியாக்கினால் தட்டுதல் அன்று, வண்டின் முரல்வுபோல் இருக்கும். தட்டும் ஓசை மீனில் இல்லை. மனிதன் செய்த ஒலிபெருக்கியில் இருக்கிறது. இந்த ஒரு செய்தி தெரிந்த பேராசிரியர் எதிரே நம் பிள்ளை அத்துண்டுத்தாளோடு நின்றால் என்ன ஆகும்? தாள் பொய்யென்று தெரியும்போது, அதனோடு சேர்த்துக் கட்டப்பட்ட மறையின்மீதும் அப்பிள்ளைக்கு ஐயம் எழாதா? இறைவசனம் அசையவில்லை, அதன்மேல் நாம் கட்டிய பந்தல்தான் சரிந்தது. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் பிரித்துக் காண எளிதில் வராது.

எண்ணம் நல்லதுதானே, மார்க்கத்தின் பெருமையை உயர்த்தத்தானே செய்தார்கள் என்று சிலர் வாதிப்பர். எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். ஹதீஸ் கலை வரலாற்றைப் படித்தோர் அறிவர்: மக்களை மறை ஓதத் தூண்டவேண்டும் என்ற பக்தியினால் அத்தியாயங்களின் சிறப்பைப்பற்றி ஹதீஸ்களைப் புனைந்தவர்கள் இருந்தார்கள். கேட்டபோது, நாங்கள் பெருமானாருக்கு எதிராகப் பொய்யுரைக்கவில்லை, அவர்களுக்கு ஆதரவாகவே உரைத்தோம் என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. முஹத்திஸீன்கள் அதை ஏற்றார்களா? அத்தகையோர் பெயர்களையே குறித்து வைத்து, இவர் அறிவிப்பதைக் கொள்ளாதீர் என்று எச்சரித்தார்கள். பொய்யர் வணக்கசாலியாக இருப்பது அவர்களுக்கு இன்னும் அச்சமூட்டியது. மக்கள் அவரை நம்பிவிடுவார்கள் அல்லவா!

இவை எல்லாவற்றுக்கும் மேலான முன்மாதிரி அண்ணல் நபி (ஸல்) அவர்களுடையது. ஹிஜ்ரி 10-இல் அவர்களுடைய மகன் இப்ராஹீம், பால்குடி மறவாத குழந்தை, இறந்தது. அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. அது கிறிஸ்து ஆண்டு 632 ஜனவரி 27 என்று கணக்கிடுவோர் கூறுவர். மதீனத்து மக்கள் பேசத் தொடங்கினர்: நபியின் மகனுக்காக வானமே இருண்டுவிட்டது! எண்ணிப் பாருங்கள். அச்சொல்லை அவர்கள் மறுக்காமல் இருந்திருந்தால் போதும். பேசாதிருந்தாலே அது மாபெரும் சான்றாகத் தலைமுறைகளுக்கு நின்றிருக்கும். துயரத்தில் மூழ்கிய தந்தை பேசாதிருப்பதை யார் குறைகூறுவர்? ஆனால் அவர்கள் மக்களை ஒன்றுகூட்டித் தொழவைத்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், ஒருவரின் சாவுக்காகவோ பிறப்புக்காகவோ அவை மறைவதில்லை என்று தெளிவாகக் கூறிவிட்டார்கள். தமக்கே சாதகமாக வந்த சான்றைத் தம் வாயாலேயே தள்ளினார்கள். அவர்களுடைய மெய்ம்மைக்கு இதைக்காட்டிலும் வேறென்ன வேண்டும் என்று நாம் வியக்கும்போது, அவர்கள் தள்ளிய அதே வகைச் சான்றை நாம் தேடித்தேடிச் சேர்ப்பது எவ்வளவு முரண்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095-இல் எழுதி முடித்த தஹாஃபுத் நூலின் முகவுரையில் இக்கிரகணத்தையே எடுத்துக்கொண்டார்கள். கிரகணம் ஏன் பிடிக்கிறது என்பது கணக்கினால் ஐயமறத் தெளிந்தது. மார்க்கத்தின் பெயரால் அதை மறுப்பவன் மார்க்கத்துக்கே ஊறு செய்கிறான் என்பது அவர்கள் கருத்து. அது மறுப்போருக்குச் சொன்னது. நம் காலத்தில் மறுப்போர் குறைந்து, எல்லாவற்றையும் நம்முடையதாக்கிக்கொள்வோர் பெருகிவிட்டனர். இரு சாராருக்கும் பிணி ஒன்றே: தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையிலுள்ள எல்லையைப் பேணாமை.

இவ்வெல்லையைப் பேணுவதில் விண்ணை ஆய்வோர் நடந்துகொண்ட முறை நமக்குப் படிப்பினை தரத்தக்கது. அன்ன மண்டலத்தில் சிக்னஸ் எக்ஸ்-1 என்றோர் எக்ஸ் கதிர் ஊற்று இருக்கிறது. 1964-இல் ராக்கெட்டில் அனுப்பிய கருவி அதை முதலில் கண்டது. அது எம்மீனிலிருந்து வருகிறது என்பது உடனே தெரியவில்லை. 1971-இல் இங்கிலாந்தில் வெப்ஸ்டர், மர்டின் ஆகியோரும் கனடாவில் போல்டனும், அவ்விடத்திலுள்ள நீலப் பெருமீன் ஒன்று 5.6 நாளுக்கு ஒருமுறை ஊசலாடுவதைக் கண்டனர். ஊசலாடுகிறது என்றால் அதனை இழுக்கும் துணை ஒன்று இருக்கவேண்டும். துணையோ கண்ணுக்குத் தெரியவில்லை. பெருமீனின் வாயு அத்துணையை நோக்கிச் சுழன்று விழும்போது கொதித்து எக்ஸ் கதிரை வீசுகிறது. துணையின் நிறை மிகப் பெரிது என்றால், அது ஒளியையும் விடாது விழுங்கும் கருந்துளையாகத்தான் இருக்கமுடியும்.

இத்தனை இருந்தும் உலகத்து அறிஞர்கள் அதைக் கருந்துளை என்று ஆணையிட்டுவிடவில்லை. பெருமீனின் தூரம் சரியாகத் தெரியாவிட்டால் நிறையும் சரியாகத் தெரியாது. துணை வேறொன்றாகவும் இருக்கலாம் என்று வாதிட்டனர். 1974-இல் ஸ்டீஃபன் ஹாக்கிங், கிப் தோர்ன் இருவரும் இதுபற்றிப் பந்தயமே கட்டினர். பந்தயம் நமக்கு ஆகாத காரியம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதில் கருதத்தக்கது வேறு. கருந்துளை பற்றிய ஆய்வுக்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஹாக்கிங், அது கருந்துளை அன்று என்னும் பக்கத்தில் நின்றார். சான்றுகள் திரண்டபின், 1990-இல், தோல்வியை ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் அளவிடுவது நிற்கவில்லை. நெடுநாள் சூரியனைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு என்று சொல்லப்பட்ட கருந்துளையின் நிறை, 2021-இல் தூரத்தைத் திருத்தமாக அளந்தபோது ஏறத்தாழ 21 மடங்கு ஆயிற்று. யாரும் வெட்கப்படவில்லை. நம் முஹ்லிஃபின் கதையும் அதுவே: 1997-இல் வெளியான ஹிப்பார்க்கோஸ் விண்கலத்தின் கணக்குப்படி அதன் தூரம் ஏறத்தாழ 840 ஒளியாண்டு, 2007-இல் வேறு முறையால் அளந்தபோது ஏறத்தாழ 1,100 ஒளியாண்டு. 840 என்ற எண்ணை ஒருவர் 1997-இல் ஏதேனும் ஒரு வசனத்தோடு முடிச்சுப் போட்டிருந்தால், பத்தாண்டில் அம்முடிச்சை அவிழ்க்க அவர் பட்ட பாடு என்னவாகியிருக்கும்!

பெரியவர் சொன்னார் என்பதும் சான்றாகாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியிலேயே, வெண்குறுமீனின் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று கணித்தார். அது சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அவ்வரம்பைக் கடந்தது மேலும் ஒடுங்கியே தீரவேண்டும். 1935 ஜனவரியில் லண்டனில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, அந்நாளில் வானியலின் பேராசானாகிய எடிங்டன் எழுந்து எள்ளி நகையாடினார். சபை எடிங்டன் பக்கம் சாய்ந்தது. கணக்கோ சாயவில்லை. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1999-இல் விண்ணுக்குச் சென்ற எக்ஸ் கதிர் ஆய்வுக்கலம் அவர் பெயரால் சந்திரா என வழங்குகிறது. தக்லீதுக்கு நாம் எதிரியல்லோம். அதற்குரிய இடம் உண்டு. கண்ணால் கண்டு கணக்கால் தெளியவேண்டியது அதற்குரிய இடமன்று.

நம் முன்னோரிலும் இப்பாடம் இருக்கிறது. 1006-ஆம் ஆண்டில் வானில் ஒரு புதிய மீன் திடீரெனப் பேரொளியோடு தோன்றியது. எகிப்தில் இளைஞராயிருந்த அலீ இப்னு ரிழ்வான் அதைக் கண்டு, பிற்காலத்தில் எழுதிவைத்தார்: வெள்ளியைக் காட்டிலும் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிது, அதன் ஒளி நிலவொளியில் கால்பங்கினும் சற்று மிகுதி, இன்ன இராசியில் இன்ன பாகையில் நின்றது. அடுத்து, அதனால்தான் போரும் பஞ்சமும் வந்தன என்றும் எழுதினார். ஆயிரம் ஆண்டு கழிந்தது. அவர் குறித்த இடமும் ஒளியளவும் இன்றைய ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. அவ்விடத்தில் வெடித்துச் சிதறிய வெண்குறுமீனின் எச்சம் இன்றும் எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது. அவர் சொன்ன சோதிட முடிவை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. கண்டதைக் கண்டபடி சொன்ன பகுதி நின்றது. கண்டதற்கு மேல் சொன்ன பகுதி உதிர்ந்தது.

இங்கே மற்றொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். கருந்துளையும் எக்ஸ் கதிரும் கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே அவை 'கைப்' என்று சிலர் எழுதுகிறார்கள். அன்று. கண்ணுக்கு மறைந்தது வேறு, கைப் வேறு. காலடிச் சுவட்டைக் கண்டு போனவரை அறிவதுபோல், ஊசலாடும் மீனைக் கண்டு அதன் துணையை அறிகிறோம். அது அறிவின் வழியாக எட்டப்படுவது. நாளை வேறு கருவியால் திருத்தப்படுவது. கைப் என்பதோ இறைவன் அறிவித்தாலன்றி எக்கருவியாலும் எட்டப்படாதது. மறுமையைத் தொலைநோக்கியால் நிரூபிக்க முயல்பவர், தொலைநோக்கியில் அது தெரியாவிட்டால் இல்லையென்று சொல்லும் உரிமையையும் எதிரிக்குக் கொடுத்துவிடுகிறார். இது அவர் நினைத்துப் பார்க்காத விளைவு.

அப்படியானால் பயானில் விண்மீனைப் பற்றிப் பேசவே கூடாதா என்று ஓர் இளம் ஆலிம் நம்மைக் கேட்டார். தாராளமாகப் பேசலாம். வானத்தை நோக்கிச் சிந்திக்குமாறு மறை மீண்டும் மீண்டும் ஏவுகிறது. ஆனால் ஹதீஸைச் சொல்லும்போது இது ஸஹீஹ், இது ழயீஃப் என்று தரம் பிரிப்பதுபோல், வானச் செய்தியைச் சொல்லும்போதும் தரம் பிரித்துச் சொல்லட்டும். இன்னார் இன்ன ஆண்டில் அளந்தது, இன்று இவ்வாறு கருதப்படுகிறது, இது இன்னும் ஆய்வில் இருக்கிறது என்று சொல்வதால் பயானின் சுவை குன்றாது. வசனத்துக்குப் பொருளை தப்ஸீரிலிருந்து சொல்லட்டும். மீனுக்குப் பொருளை வானாய்வகத்திலிருந்து சொல்லட்டும்.

தான் உண்மையென்று நம்பியதன்மீது ஒருவன் ஆணையிட்டு, அது தவறாகிவிட்டால், ஹனஃபி ஃபிக்ஹின்படி அது 'லக்வு' என்னும் வகையைச் சேரும். அதற்குப் பிடித்தம் இல்லை. பாலையில் நின்று முஹ்லிஃபை ஸுஹைல் என்று ஆணையிட்ட கிராமத்து அரபி இவ்வகையினன். தனக்குத் தெரியாது என்று தெரிந்தும் ஆணையிட்டவனின் நிலை வேறு. துண்டுத்தாளை எழுதியவர் எவ்வகையினர் என்று தீர்ப்பது நம் வேலையன்று. அதைப் படித்து, ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பும் நம்முடைய நிலை என்ன என்பது மட்டும் நமக்குரிய கேள்வி. (பிறை பற்றிய சாட்சியத்தை இவ்விடத்தில் பலர் நினைத்துக்கொள்வர், அது தனியே எழுதப்படவேண்டியது.)

அம்பத்தூர் வழியாகவும் ஆவடி வழியாகவும் செல்லும் ரயிலில் வாணியம்பாடிக்குச் சென்று, அங்கிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். 1986-இல் அங்கே திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, முஹ்லிஃபின் 78.5 நாளைக் கண்ட அதே வேணு பாப்புவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும் குடும்பத்தார், பார்வையாளரை அனுமதிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளையும் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்லலாம். ஓதும் பிள்ளைகள் மீன்களின் அரபுப் பெயர்களுக்கு மற்றவர்களுக்குப் பொருள் சொல்லட்டும். அங்குள்ளோர் ஓர் அளவைச் சொல்லும்போது, இதில் எவ்வளவு உறுதி என்று இரு சாராரும் சேர்ந்து கேட்கட்டும்.